முதியோர் இல்லத்தில் நர்சிங் உதவியாளர்: என்ன பயிற்சி, எத்தனை நாள், யார் பார்த்துச் சரி சொல்வது?

கேள்வி இதுதான். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய நகரத்தார் வீட்டைச் சீர்செய்து, 18 பெரியவர்கள் தங்கும் இல்லமாக நடத்தப் போகிறார்கள். ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஒன்பது உதவியாளர்கள். ஒன்பது பேரில் நாலு பேரிடம் ஆறு மாத நர்சிங் கோர்ஸ் சான்றிதழ் இருக்கிறது. மற்ற ஐந்து பேர் சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும், பத்தாவது முடித்த பெண்கள். "சட்டப்படி இவர்களுக்கு என்ன பயிற்சி வேண்டும்? எத்தனை நாள்? சான்றிதழ் இருப்பவர்களை நேராக டியூட்டியில் போடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போடக்கூடாது. ஒருவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தார் என்பதற்குத்தான் சான்றிதழ் சாட்சி. உங்கள் வீட்டில், பக்கவாதம் வந்த ஓர் ஆச்சியை, வலிக்காமல் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றத் தெரியும் என்பதற்கு அது சாட்சி அல்ல. அதை நர்ஸ் கண்ணால் பார்த்து, தேதி போட்டுக் கையெழுத்திட்ட பிறகுதான் அந்த உதவியாளர் அந்த வேலையைத் தனியாகச் செய்யலாம். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு விதியைச் சுற்றித்தான்.

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது; தமிழ்நாட்டு விதிகள் 2009-இல் வந்தன. உதவியாளருக்கு இத்தனை மணி நேரப் பயிற்சி என்று இவை எண் எதையும் விதிக்கவில்லை. இல்லத்தைப் பதிவு செய்ய மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்றால் சிவகங்கை. அதே செட்டிநாட்டு ஊர்தான், ஆனால் திருமயம், பொன்னமராவதி பக்கம் என்றால் புதுக்கோட்டை. தங்க வைப்பதோடு நில்லாமல் டிரிப் ஏற்றுவது, புண்ணுக்கு மருத்துவம் பார்ப்பது என்று இறங்கினால், 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழும் பதிவு தேவையா என்று மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஸ்டாஃப் நர்ஸாக ஒருவரை எடுக்கும்போது தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைப் பாருங்கள். ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களுக்குத்தான் அந்தப் பதிவு உண்டு. ஆறு மாத கோர்ஸ் முடித்தவர் நர்ஸ் அல்லர். வெள்ளைக் கோட்டும் 'சிஸ்டர்' பட்டமும் கொடுத்து, வந்து பார்க்கும் பிள்ளைகளை ஏமாற்றக் கூடாது. மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டங்களில் 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' என்ற பெயரில் ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. புதிதாக ஆள் எடுக்கும்போது, ஊருக்கு ஊர் தரம் மாறும் தனியார் சான்றிதழைவிட அதற்கு முன்னுரிமை கொடுக்கலாம். இன்னொன்று: ஆஸ்பத்திரி வழக்கத்தில் உதவியாளரை 'ஆயா' என்று கூப்பிடுவதை உள்ளே விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவர். நினைவு தடுமாறும் பெரியவர் ஒருவர், சத்தம் கேட்டுத் தன் ஆயாவைத் தேடிக் கிளம்பிவிடுவார்.

நம் சட்டத்தில் எண் இல்லாததால் அளவுகோலை வெளியிலிருந்து எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. அமெரிக்காவில் 1987-இல் வந்த சட்டத்தின்படி, நர்சிங் ஹோம் உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் குறைந்தது 16 மணி நேரம் மேற்பார்வையில் செய்முறை. பெரியவர் ஒருவரைத் தொடுவதற்கு முன்பே பேச்சு முறை, தொற்றுத் தடுப்பு, புரை ஏறினால் செய்ய வேண்டியது உள்ளிட்ட அவசரகாலப் பாடம், அவர்களால் முடிந்ததை அவர்களையே செய்ய விடுவது, அவர்களுடைய உரிமைகள் ஆகியவற்றில் 16 மணி நேரம் முடிந்திருக்க வேண்டும். பிறகு ஆண்டுக்குக் குறைந்தது 12 மணி நேரம். தொடர்ந்து 24 மாதம் இந்த வேலையைச் செய்யாமல் இருந்தால் மறுபடி பயிற்சி. பல மாநிலங்கள் இதற்கு மேலும் கேட்கின்றன. இங்கிலாந்தில் மணிக்கணக்கு இல்லை. 2015-இல் 15 தலைப்புகளோடு தொடங்கிய 'கேர் சர்டிபிகேட்', ஒவ்வொரு தலைப்பிலும் ஆள் தேறினாரா என்று வேலை செய்யும் இடத்திலேயே பார்க்கிறது.

இரண்டையும் கலந்துகொள்ளுங்கள்: தொடுவதற்கு முன் 16 மணி நேரம், அதாவது தினம் 4 மணி நேரமாக நாலு நாள். பிறகு பத்து நாள், தேர்ந்த ஒருவர் பக்கத்தில் நிற்கத் தினம் 6 மணி நேரம். மொத்தம் 76. சான்றிதழ் இருப்பவருக்கும் இதே கணக்குதான். தேர்வில் தேறிய வேலைகளுக்கு மட்டும் நாளைக் குறைக்கலாம். பயிற்சி நாளுக்கும் சம்பளம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

அந்த நாலு நாளுக்குள்ளேயே ஊழியர்களின் உடம்பையும் கவனிக்கத் தொடங்கிவிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. நாள்பட்ட இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை. கை கழுவுதல் சின்னப் பாடம்போலத் தெரியும். சோப்பும் தண்ணீருமாக 40 முதல் 60 நொடி, கைத்தேய்ப்பு மருந்து என்றால் 20 முதல் 30 நொடி. பெரும்பாலும் விட்டுப்போவது கட்டைவிரலும் விரல் நுனியும். கண்ணாடி வளையலும் மோதிரமும் டியூட்டியில் கூடாது: கிருமி தங்குகிறது என்பது ஒரு காரணம், எண்பது வயதுத் தோல் வளையல் உரசினாலே கிழிந்துவிடும் என்பது இன்னொன்று. தாலிச் சங்கிலியை உள்ளே தள்ளி ஊக்குக் குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். சேலையில் ஆளைத் தூக்கினால் கொசுவம் காலில் சிக்கும். சுடிதாரும் மேல்கோட்டும்தான் சரி.

இனி வீடு. செட்டிநாட்டு வீட்டைப் போல அழகான இல்லமும் இல்லை, அதைப் போல விழ வைக்கும் இல்லமும் இல்லை. முகப்பிலிருந்து வளவு (முற்றத்தைச் சுற்றிய நடுக்கட்டு), வளவிலிருந்து இரண்டாங்கட்டு என்று ஒவ்வொரு நிலையிலும் உயர்ந்த வாசற்படி. திறந்த முற்றத்துக்கு இறங்கும் படி. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் காய்ந்திருக்கும்போது ஒன்றுமில்லை. எண்ணெயோ சோப்புத் தண்ணீரோ பட்டால் பெரியவர் கால் நிற்காது. சாய்தளம் போட்டால் உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு என்ற கணக்கு: 15 செ.மீ. வாசற்படிக்கு 180 செ.மீ. நீளம். இடமில்லை என்று ஒரு முழப் பலகையைச் சாய்த்து வைத்தால் அது படியைவிட ஆபத்து. படி இறங்கும்போது வீல்சேரைப் பின்பக்கமாகத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் இறங்கும்படி உதவியாளர் கீழே நின்று தாங்கி இறக்க வேண்டும். இதை ஆளில்லாத நாற்காலியில் ஒருமுறையும், சக ஊழியரை உட்கார வைத்து ஒருமுறையும் செய்ய வையுங்கள். உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் முன்பக்கமாக இறக்கினால் எப்படி வயிற்றைக் கலக்கும் என்று தெரியும்.

எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொல்லவில்லை. அதை நிறுத்தினால் பாதி ஆச்சிமார் உங்கள் இல்லத்துக்கே வரமாட்டார்கள். குளியலறைக்கு உள்ளே, பிடிமானம் உள்ள நாற்காலியில் உட்கார வைத்துத்தான் எண்ணெய் தேய்க்க வேண்டும். எண்ணெய் தேய்த்த உள்ளங்காலோடு ஓர் அடிகூட நடக்க விடக்கூடாது. தலை, கை, முதுகு முடித்து, பாதத்தில் தேய்க்காமலே விடுவது நல்லது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் அண்டா வெந்நீர். வரிசை மாறி, யாராவது பாதியில் கூப்பிட்டு உதவியாளர் திரும்பினால், பெரியவர் கையை வெறும் வெந்நீரில் விடுவார். ஊற்றுவதற்கு முன் சூட்டை உதவியாளர் தன் முழங்கை உள்பக்கத்தில் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் பாதத்துக்குச் சூடே தெரியாமல் இருக்கலாம். அவர்களுடைய கால் நகத்தை உதவியாளர் வெட்டக்கூடாது. விரலிடுக்கைத் துடைத்து, வெடிப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று தினம் பார்த்துச் சொன்னால் போதும்.

பெரியவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதில் நடக்கும் தவறுகள் எல்லா இல்லத்திலும் ஒன்றுதான். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது முதல் தவறு. பக்கவாதம் வந்த பக்கத்துத் தோள் மூட்டு ஏற்கெனவே தொய்ந்திருக்கும். அந்தக் கையைப் பிடித்து ஒரே ஒரு தடவை இழுத்தாலும் மூட்டு விலகலாம். சரியான முறை இது. நாற்காலியை அவருக்குப் பலமுள்ள பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாகப் போட வேண்டும். இரண்டு சக்கர பிரேக்கும் போட்டுக் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். கால்மிதியை மடக்க வேண்டும். பெரியவரைக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தி, கால் தரையில் பதிந்தபடி ஒன்றிரண்டு நிமிடம் உட்கார வைத்து, தலைசுற்றுகிறதா என்று கேட்க வேண்டும். இடுப்பில் பட்டை கட்டி அதைப் பிடித்து, "ஆச்சி, மூணு சொன்னதும் எந்திரிப்போம்" என்று சொல்லிவிட்டு, முழங்கால் மடக்கி, முதுகு நிமிர்ந்து, அவரோடு சேர்ந்து எழ வேண்டும். பிரேக் போடாமல் ஒருவர் மாற்றினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் தேர்வில் தோல்விதான். நிற்கவே முடியாதவர் என்றால் எப்போதும் இரண்டு பேர். 'நான் ஒருத்தியே தூக்கிருவேன்' என்று சொல்லும் உதவியாளர்தான் ஆறு மாதத்தில் இடுப்பு வலியோடு லீவில் போவார்.

படுக்கைப் புண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சான்றிதழோடு வருபவர்கள் தவறாகக் கற்று வருவது இதில்தான் அதிகம். 'பேக் கேர்' என்ற பெயரில் முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடப் பழகியிருப்பார்கள். ஸ்பிரிட் தோலை உலர்த்தி வெடிக்க வைக்கும். பவுடர் வியர்வையில் கட்டியாகி அரிக்கும். எலும்பு முட்டும் இடம் சிவந்திருந்தால் அங்கே தேய்த்துவிடவும் கூடாது, அடியில் சதை நசுங்கியிருக்கும். நடுவில் ஓட்டை உள்ள வட்டத் தலையணை வேண்டாம், சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அடைக்கும். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்குக் கீழே வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்; கெண்டைக்கால் நீளத்துக்குத் தலையணை வைத்து, குதிகால் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும்.

படுத்தே இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். முழுக்கப் பக்கவாட்டில் சாய்த்தால் இடுப்பு எலும்பு முட்டும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். நாற்காலியில் இருப்பவருக்கு மணிக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். தோளிலிருந்து தொடை வரை வரும்படி ஒரு போர்வையை இரண்டாக மடித்து அடியில் விரித்து, இருபுறமும் இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். இழுத்தால் தோல் மெத்தையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், எலும்பு மட்டும் நகரும். புண் அங்கேதான் பிறக்கிறது. கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தி வைத்திருந்தால் ஆள் சறுக்கிச் சறுக்கி அதே கேடு நடக்கும், சாப்பாட்டு நேரமும் அதன் பின் அரை மணியும் தவிர.

ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் வால் எலும்பு, இடுப்பு, குதிகால், தோள்பட்டை, பின்தலை, காது மடல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் 3 நொடி அழுத்தி எடுத்தால் வெளுத்துச் சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லையென்றால் புண் தொடங்கிவிட்டது. புத்தகங்கள் சிவப்பு என்று எழுதும். நம் ஆட்களின் நிறத்தில் சிவப்பு தெரியாது. சுற்றுத் தோலைவிடக் கருத்து, சூடாக அல்லது சில்லென்று, கெட்டியாக அல்லது கொழகொழவென்று இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டால் திருப்ப வேண்டாம் என்ற நினைப்பையும் களையுங்கள். மெத்தைக்கு அடியில், பிட்டத்துக்கு நேர்கீழே உள்ளங்கையை விட்டுப் பார்த்தால், கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஓர் அங்குலக் காற்றாவது இருக்க வேண்டும். கரண்ட் போனால் காற்றும் போய்விடும், யூ.பி.எஸ். இணைப்பில் ஏர் பெட் முதலில், டி.வி. பிறகு.

சாப்பாடு ஊட்டுவதுதான் பயிற்சியில் அடுத்த பெரிய பகுதி. நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இங்கே எதிரியாகிறது. எச்சில் படாமல் அண்ணாந்து தண்ணீர் குடிப்பது நல்ல பழக்கம்தான், இளந்தாரிக்கு. விழுங்கும் தசை தளர்ந்தவர் அண்ணாந்தால் மூச்சுக்குழாய் திறந்து நிற்கும், தண்ணீர் நேராக அதற்குள் போகும், அடுத்த வாரம் நிமோனியா. உதடு டம்ளரில் பட, தாடை சற்றுக் கீழே தாழ, ஒவ்வொரு மடக்காகக் குடிக்க வைக்க வேண்டும். பெரியவருக்கென்று தனி டம்ளரைப் பெயர் எழுதி வைத்தால் எச்சில் கவலை தீரும். உதவியாளர் நின்றுகொண்டு ஊட்டினாலும் இதே கேடுதான்: நிற்பவரைப் பார்க்கப் பெரியவர் தலையைத் தூக்குவார். முக்காலி போட்டு அவர் கண்மட்டத்தில் உட்கார வேண்டும். பெரியவர் நேராக நிமிர்ந்திருக்க வேண்டும், சாப்பிட்ட பிறகும் 30 நிமிடம். அரைத் தேக்கரண்டி அளவு, விழுங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகே அடுத்தது. வேளைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவரைக் கவனியுங்கள்.

எது புரையேறும் என்பதைச் சமையல்காரருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீரும் பருக்கையும் கலந்தது மோசம்: தண்ணிக் கஞ்சி, ரசம் நிறைய ஊற்றிய சோறு. வாய் இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்காது. குழையாத கவுனி அரிசி, உதிரும் பொரியல், நீள இடியாப்பம், தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாத இட்லி எல்லாம் சந்தேகக் கேஸ்தான். கருப்பட்டி சேர்த்துக் கிண்டும் கும்மாயம் போல வழுவழுவென்று ஒரே பதமாக இருப்பது எளிதில் இறங்கும் (சுகர் உள்ளவருக்குக் கருப்பட்டியைக் கணக்கில் வையுங்கள்). ஊரிலிருந்து வருபவர்கள் அன்போடு கொண்டுவரும் மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை டப்பா நேராகக் கட்டிலடிக்குப் போகாமல், வரவேற்பிலேயே வாங்கி வைக்கப்பட வேண்டும். சாப்பிடும்போது குரல் ஈரமாக, களகளவென்று மாறினால், கண்ணில் நீர் கோத்தால், இருமினால் உடனே நிறுத்த வேண்டும். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே இறங்கும். அடிக்கடி காய்ச்சலும் சளியும் வருவதுதான் அடையாளம். அடைத்துக்கொண்டு பேச்சே வராவிட்டால் முன்னால் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் 5 தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக 5 அழுத்து, வெளியே வரும்வரை மாறி மாறி. உச்சந்தலையில் தட்டுவதும் தண்ணீர் புகட்டுவதும் கூடவே கூடாது.

உதவியாளர் செய்யக்கூடாதவற்றை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: ஊசி போடுவது, இன்சுலின் அளவை முடிவு செய்வது, மூக்குக் குழாயோ சிறுநீர்க் குழாயோ செருகுவது, தூக்க மாத்திரையைத் தானாகக் கொடுப்பது, மாத்திரையைக் கேட்காமல் பொடிப்பது. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுதுக்குமான மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் ஏறும். நர்ஸ் எடுத்து வைத்த மாத்திரையைப் பெயர், வேளை பார்த்துக் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்துவிட்டு வருவது அவர் வேலை. நடைமுறைச் சிக்கல் இரவில் வரும். உங்களிடம் ஒரே ஒரு நர்ஸ். அவர் தூங்கும் நேரத்தில் உதவியாளர்தான் மேலாள். ஆகவே இரவு டியூட்டிக்குப் போகும் முன் அவசரப் பாடம் தனியாகத் தேற வேண்டும்.

அதில் முக்கியமானவை: சர்க்கரை 70-க்குக் கீழே, வியர்வை, நடுக்கம், உளறல் என்றால், நினைவோடு விழுங்க முடிந்தால் மட்டும் 3 தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லையென்றால் வாயில் எதுவும் கூடாது; 108. முகம் கோணி, ஒரு கை தொங்கி, பேச்சுக் குழறினால் மணியைப் பார்த்து, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதை எழுத வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விழுந்தவரை உடனே தூக்கி உட்கார வைக்கக் கூடாது. ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிவாக இருக்கலாம், அசைக்காமல் ஆம்புலன்ஸ். மூச்சும் நாடியும் நின்றால் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இதைப் பொம்மையில் செய்து பழகாமல் ஒருவருக்கும் வராது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

இன்னொரு வாக்கியத்தை மதிக்கப் பழக்குங்கள்: "இன்னைக்கு ஆச்சி ஒரு மாதிரியா இருக்காக." நேற்று வரை தெளிவாகப் பேசியவர் திடீரென்று குழம்பினால் அது வயசுக் கோளாறு அல்ல. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் வற்றியது, புது மாத்திரை, இவற்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். அதை முதலில் கவனிப்பவர் டாக்டர் அல்ல, தினம் தலை சீவிவிடும் உதவியாளர். சொன்னால் நர்ஸ் சிரிக்க மாட்டார் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்க வேண்டும்.

நினைவிழப்பு நோய் உள்ளவர்களோடு எப்படிப் பேசுவது என்பதற்குக் குறைந்தது ஒரு முழு நாள் வேண்டும், பெரும்பாலும் நடித்துக்காட்டி. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓர் ஆச்சி வாசலுக்கு வந்து, "அப்பச்சி தேடுவாக, நான் வீட்டுக்குப் போகணும்" என்கிறார் (இந்தப் பக்கத்தில் அப்பச்சி என்றால் அப்பா). "உங்க அப்பச்சி செத்து அம்பது வருஷமாச்சு" என்று உண்மை பேசினால், அவருக்கு அது இன்றைக்கு வந்த சாவுச் செய்தி. அழுவார், நாளையும் கேட்பார், மறுபடி அழுவார். "அப்பச்சி என்ன வேலை பார்த்தாக, ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டே கூட நடந்து, ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே வந்துவிடலாம். பெரிய வீட்டில் இத்தனை அறையைப் பூட்டித் திறந்தே வாழ்ந்தவர்கள் இடுப்பில் சாவிக்கொத்தைத் தேடிப் பதறுவார்கள். எதற்கும் பயன்படாத பழைய சாவிகளைக் கோத்து ஒரு கொத்து செய்து கொடுத்தால் கை அமைதியாகும். கட்டிப் போடுவது, அறையில் பூட்டுவது, தூங்கப் பண்ணும் மருந்து கேட்பது மூன்றும் தடை. கூப்பிடும் முறையும் பாடம்தான்: ஆச்சி, ஐயா, அல்லது அவர் எப்படிக் கூப்பிடச் சொல்கிறாரோ அப்படி. ஒருமையில் பேசுவதும், டயப்பர் மாற்றும்போது கதவைத் திறந்து வைப்பதும், மற்றவர் முன்னால் 'இன்னைக்கு மூணு தடவை போயிருச்சு' என்று சொல்வதும் அடிப்பதற்குச் சமமாகவே பதிவாக வேண்டும். முதியோர் உதவி எண் 14567 என்பதைப் பெரியவர்கள் கண்ணில் படும் இடத்தில் எழுதி வையுங்கள், ஊழியர் அறையில் அல்ல.

தேறினாரா என்று பார்ப்பது எப்படி? ஆளுக்கு ஒரு கோப்பு. அதில் இருபது, இருபத்தைந்து வேலைகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று தேதி: காட்டிக்கொடுத்த நாள், கூட நின்று செய்த நாள், தனியாகச் செய்து நர்ஸ் பார்த்த நாள். எழுத்துத் தேர்வு வேண்டாம், பத்தாவது முடித்தவருக்கு அது பயத்தைத்தான் கொடுக்கும். நாடியையும் மூச்சையும் முழு ஒரு நிமிடம் எண்ணச் சொல்லிவிட்டு, நர்ஸும் கூடவே எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நாலால் பெருக்குபவர், தாறுமாறான துடிப்பைத் தவறவிடுவார். பி.பி. பார்க்கும் முன் 5 நிமிடம் உட்கார வைத்தாரா, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்தாரா, சட்டைக் கைக்கு மேலே சுற்றாமல் வெறும் கையில் பட்டையைச் சுற்றினாரா என்று பாருங்கள். ஆக்சிஜன் அளவு பார்க்கும் விரலில் மருதாணி இருந்தாலோ, விரல் சில்லிட்டிருந்தாலோ எண் தவறாக வரலாம் என்று சொல்லி வையுங்கள்.

பதிவேட்டில் ஒரு பழைய தில்லுமுல்லு உண்டு. திருப்பிய நேரம் 10, 12, 2, 4 என்று அச்சடித்தாற்போல, ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால், அது டியூட்டி முடியும்போது உட்கார்ந்து எழுதியது. உண்மையான பதிவில் 10.10, 12.25 என்று கோணலாக இருக்கும். இதற்காகத் திட்டினால் அடுத்த முறை கோணலாகவே பொய் எழுதுவார்கள். நோட்டைக் கட்டில் கால்மாட்டில் தொங்கவிட்டு, பேனாவையும் அங்கேயே கட்டிவிடுங்கள். ஆள் மாறும்போது 15 நிமிடம் இரண்டு பேரும் கட்டில் கட்டிலாகச் சேர்ந்து நடப்பதும் இதைப் பெருமளவு தடுக்கும்.

ஆண்டுக்கு 12 மணி நேரம் என்பதை மாதம் ஒரு மணி என்று பிரித்து, பருவத்துக்கேற்ப வையுங்கள். சித்திரை, வைகாசியில் தண்ணீர்: கேட்டால்தான் கொடுப்பது என்றால் பெரியவர்கள் கேட்கவே மாட்டார்கள், தாகம் அவர்களுக்குக் குறைவு. யாருக்கு டாக்டர் அளவு கட்டியிருக்கிறார் என்பதும் அந்த வகுப்பில் வர வேண்டும். ஐப்பசி மழையில் முற்றம் ஈரம், கொசு. ஒரு மாதம் தீ ஒத்திகை: உள்கட்டு அறையிலிருந்து நடக்க முடியாத ஐந்து பேரை எந்த வழியாக வெளியே கொண்டுவருவது என்று நேரம் பார்த்துச் செய்யுங்கள். ஊசி முனைகள் துளைபடாத பெட்டிக்குத்தான் போக வேண்டும், மூடியைத் திரும்ப மாட்டக்கூடாது என்பதை எந்த வகுப்பிலாவது மறுபடி சொல்லிக்கொண்டே இருங்கள்.

சான்றிதழோடு வரும் அந்த நாலு பேருக்கு முதல் நாள் காலையில் செய்ய வேண்டியது இது. சக ஊழியர் ஒருவரைக் கட்டிலில் படுக்க வைத்து, "இவுகளுக்கு வலது பக்கம் விழுந்துருச்சு" என்று சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு வீல்சேர், மடித்த போர்வை ஒன்று, ஒரு டம்ளர் தண்ணீர். ஒரு பக்கம் திருப்பிப் படுக்க வைக்கவும், பிறகு நாற்காலிக்கு மாற்றவும், தண்ணீர் குடிக்க வைக்கவும் சொல்லிவிட்டு நர்ஸ் பேசாமல் நிற்கட்டும். கையைக் கழுவினாரா, நாற்காலியை இடது பக்கம் போட்டாரா, பிரேக் போட்டாரா, வலது கையைப் பிடித்து இழுத்தாரா, டம்ளரைக் கொடுக்கும்போது தலையை அண்ணாக்க வைத்தாரா. இருபது நிமிட வேலை. பிரேக்கை மறந்தாலோ, மற்றவற்றில் இரண்டு இடத்தில் தவறினாலோ சான்றிதழைக் கோப்பில் வைத்துவிட்டு, அந்த ஐந்து பெண்களோடு அவரையும் முதல் நாள் வகுப்பில் உட்கார வையுங்கள்.